ஐந்தாண்டுக் கணக்கோடு வாருங்கள்

காரிமங்கலம் பேரூராட்சியில் மறுபடியும் போட்டியிட நினைக்கும் வார்டு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

2022 பிப்ரவரி 19 அன்று ஓட்டுப்பதிவு, 22 அன்று எண்ணிக்கை, மார்ச் 2 அன்று பதவியேற்பு. தமிழ்நாட்டின் மற்ற பேரூராட்சிகளைப் போலவே காரிமங்கலத்தின் 15 வார்டுகளுக்கும் அப்படித்தான் மெம்பர்கள் வந்தார்கள். நகர்ப்புற உள்ளாட்சி மன்றத்துக்கு அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு கொடுத்திருக்கும் ஆயுள் ஐந்து ஆண்டு. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அந்தக் கணக்குப்படி 2027 மார்ச் தொடக்கத்தில் இந்த மன்றம் முடிகிறது. மறுபடியும் நிற்கலாமா என்ற யோசனை உங்களில் பலருக்கு இருக்கும். இருப்பது நல்லது. எந்த மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும், எந்த வீட்டுக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வரும் என்று ஐந்து வருடம் கூடவே இருந்து பார்த்த ஒருவர் இன்னும் ஐந்து வருடம் உழைக்க விரும்பினால் அதில் ஊருக்கு லாபம் உண்டு. இந்த மடல் அவர்களுக்காகத்தான்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்று. முதல் முறை ஓட்டுக் கேட்டபோது வாக்குறுதி போதுமானதாக இருந்தது. இந்த முறை கணக்கு வேண்டும். வார்டுக்கு வார்டு, தெருவுக்குத் தெரு, எழுத்தில், தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே.

மறுபடி நிற்பவருக்கு என்னென்ன நேரும் என்று தெரிந்துகொள்ளக் காரிமங்கலத்துக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டாம். இந்த ஊர் அடங்கிய பாலக்கோடு சட்டமன்றத் தொகுதியில் கே.பி. அன்பழகன் 2001இல் தொடங்கி 2006, 2011, 2016, 2021 என ஐந்து தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். அதே வாக்காளர்களும் சேர்ந்த தர்மபுரி மக்களவைத் தொகுதியில் 2014இல் வென்ற அன்புமணி ராமதாஸ், 2019இல் மறுபடி நின்று தோற்றார். அவரை வென்ற செந்தில்குமாருக்கு 2024இல் அவருடைய கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. அந்தக் கட்சியின் சார்பில் ஆ. மணி நின்று வென்றார். தொடர்ந்து ஜெயிப்பவர், நின்று தோற்பவர், நிற்கவே வாய்ப்புக் கிடைக்காதவர் என மூவரையும் இந்த ஊர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. பதவியில் இருப்பதாலேயே ஓட்டு விழுந்துவிடும் என்று இங்கே யாரும் நம்பிவிட முடியாது. இந்தியச் சட்டமன்றத் தேர்தல்களை ஆராய்ந்த பொருளியலாளர் யோகேஷ் உப்பல் 2009இல் வெளியிட்ட கட்டுரையும் அதையே காட்டியது: அமெரிக்காவில் பதவியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் இங்கே இல்லை, மாறாகப் பதவியே அவருக்குப் பாரமாகிறது.

அந்தப் பாரம் எவ்வளவு கனமானது என்பதை 2017இல் தில்லி கவுன்சிலர்கள் உணர்ந்தார்கள். தலைநகரின் மூன்று மாநகராட்சிகளும் அப்போது பாஜக கையில் இருந்தன. மக்களிடம் அதிருப்தி இருந்தது. பதவியில் இருக்கும் ஒரு கவுன்சிலருக்குக்கூட மறுபடி சீட்டு இல்லை என்று கட்சி அறிவித்தது. எல்லாம் புதுமுகம். 181 வார்டுகளில் அந்தக் கட்சி வென்றது. தேர்தல் உத்தி என்ற வகையில் அது பலித்துவிட்டது. ஆனால் தன் வார்டுக்காக ஐந்து வருடம் ஓடியவரும் ஓடாதவரும் ஒரே நாளில் ஒரே பட்டியலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நல்லவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டும்படி வார்டுவாரியான கணக்கு மக்கள் கையில் இருந்திருந்தால் எந்தக் கட்சிக்கும் அப்படி மொத்தமாகக் கழித்துக்கட்டும் துணிச்சல் வந்திருக்காது. கணக்கு எழுதி வைப்பது ஊருக்குச் செய்யும் கடமை. நாளை சீட்டுக் கேட்டு நிற்கும்போது அதுவே உங்களுக்குக் கவசமாகவும் இருக்கும்.

தேர்தலே நடக்காமல் போன கதை ஒன்றும் இருக்கிறது. காரிமங்கலத்தில் அதை மறந்தவர்கள் குறைவு. 2011 அக்டோபரில் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். மறுபடி நிற்க விரும்பிய மெம்பர்கள் டெபாசிட் கட்டி மனுத் தாக்கல் செய்தார்கள். மனுத் தாக்கல் முடிந்த மறுநாள், அக்டோபர் 4 அன்று, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் பேரூராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். ஒரு மன்றத்தின் முழு ஆயுளும் மன்றமே இல்லாமல் கழிந்தது. 2011இல் தேர்வான ஒருவர் நல்லவரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பே ஊருக்குக் கிடைக்கவில்லை. நல்லவருக்கு மறுவாய்ப்பு இல்லை, மோசமானவருக்குத் தண்டனையும் இல்லை.

சுற்றியுள்ள கிராமங்களில் அதே கதை திரும்பவும் வந்தது. தர்மபுரி உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிகள் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தன. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். காரிமங்கலம் ஊராட்சி ஒன்றியத்தின் கிராமங்களில் தலைவர் பதவியும் மெம்பர் பதவியும் காலியாயின. பேரூராட்சி எல்லைக்குள் மட்டும் மன்றம் இருந்தது. ஆகவே மறுபடி நிற்க விரும்புகிறவரின் முதல் வேலை, தேர்தல் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது சாசனத்தின் சொல். 2006இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லி, காலத்தில் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை என்றது. ஒரு பேரூராட்சியின் தீர்மானத்தால் மட்டும் தேர்தல் வந்துவிடாது. ஆனால் தர்மபுரி மாவட்டத்தின் பேரூராட்சிகள் ஒவ்வொன்றும் அப்படித் தீர்மானம் போட்டு ஆணையத்துக்கு அனுப்பினால் அது கோப்பில் நிற்கும். நாளை நீதிமன்றம் கேட்டாலும் காட்ட ஒரு தாள் இருக்கும்.

இனி கணக்குக்கு வருவோம்.

நீங்கள் பதவியேற்ற முப்பதாவது நாளே உங்களுக்கு முதல் சோதனை வந்தது. 2022 ஏப்ரல் 1 அன்று மாநில அரசு சொத்து வரியை உயர்த்தியது. 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் வேண்டுமானால் வரியைத் திருத்தியே ஆக வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் உண்மை உண்டு: 15ஆவது நிதிக்குழு நகர்ப்புற மானியத்துக்கு அந்த நிபந்தனையை வைத்திருந்தது. ஆனால் ஓட்டுப்பதிவு முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில் உயர்ந்த வரிக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வார்டு மெம்பர் தலையில் விழுந்தது. உங்கள் மன்றத்தில் அது வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆதரித்தீர்களா, எதிர்த்தீர்களா, எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னீர்களா, கூட்டத்துக்கு வந்தீர்களா? இதில் எந்தப் பதிலும் வெட்கப்படத் தக்கதல்ல, மறைத்தால்தான் வெட்கம். வரியை ஆதரித்தவர், அந்தப் பணத்தில் ஊருக்கு வந்தது இது என்று காட்டலாம். எதிர்த்தவர் தன் காரணத்தைச் சொல்லலாம். ஐந்து வருடம் கழித்து, அது மேலிடத்து முடிவு, எனக்குத் தெரியாது என்பவரை மட்டும் மறுபடி மன்றத்துக்கு அனுப்புவதில் பொருளில்லை.

அடுத்தது தண்ணீர். இந்த மாவட்டத்தில் ஓட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருந்து, பல் கறுத்து, எலும்பு வளைந்த மனிதர்களைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் நிதி நிறுவனத்தின் கடனுதவியோடு கட்டி முடிக்கப்பட்டு 2013 மே மாதம் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6,000க்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகள் அதில் அடங்கும். இரண்டு எதிரெதிர் ஆட்சிகள் சேர்ந்து முடித்த வேலை அது. கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் தாண்டி வந்தது.

ஆனால் காவிரித் தண்ணீரை ஊருக்குள் இருக்கும் மேல்நிலைத் தொட்டி வரை கொண்டுவருவதுதான் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து உங்கள் தெருக் குழாய் வரை பேரூராட்சியின் வேலை. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம், எந்த வால்வைத் திறந்தால் மேட்டுத் தெருவுக்கு ஏறும், ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் எந்த போர் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள், அந்தத் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதெல்லாம் உங்கள் மன்றத்துக்கு உட்பட்ட விஷயங்கள். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரையறை. உங்கள் வார்டு குழாயில் அது எவ்வளவு? இந்த ஒரு எண்ணை நோட்டீசில் அச்சடித்துக் கொடுக்கும் மெம்பருக்கு, வேறு எந்தச் சாதனையும் சொல்லாவிட்டாலும், ஓட்டுப் போடலாம்.

தண்ணீர் என்றதும் பெண் உறுப்பினர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. நகர்ப்புறத்தில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நீங்கள் ஜெயித்து வந்த 2022 தேர்தலில்தான். அதற்கும் முன்பே, மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளை ஆராய்ந்த ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் ஒரு முடிவைச் சொன்னார்கள்: பெண் தலைவர் இருக்கும் ஊராட்சிகளில் குடிநீர் வசதிகளுக்குக் கூடுதல் முதலீடு நடக்கிறது. தண்ணீர்க் குடம் சுமப்பவருக்குத்தானே தண்ணீர்க் கவலை தெரியும். டுஃப்லோ பின்னாளில், 2019இல், நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

பெண் உறுப்பினர்கள் மறுபடி நிற்கும் விஷயத்தில் மும்பையிலிருந்து இன்னும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அங்கே மாநகராட்சி வார்டுகளில் மூன்றில் ஒரு பங்கு சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1997இல் ஒதுக்கப்பட்டு, 2002இல் ஒதுக்கீடு நீங்கிப் பொதுவான வார்டுகளில் என்ன நடந்தது என்று ரிகில் பாவ்நானி என்ற அரசியல் அறிவியலாளர் பார்த்தார். ஒதுக்கீட்டையே பார்க்காத வார்டுகளைவிட, ஒரு முறை பெண் உறுப்பினரைப் பார்த்த வார்டுகளில் ஒரு பெண் வெல்லும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. ஒதுக்கீட்டில் வந்தேன், ஒதுக்கீடு போனால் நானும் போகிறேன் என்று நினைக்கும் பெண் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுழற்சியில் உங்கள் வார்டு பொதுவார்டாகும் நாள் எப்போது வந்தாலும் அன்றும் நில்லுங்கள். நிற்க உங்களுக்குத் தகுதி உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: கூட்டத்தில் பேசியது நீங்களாக இருக்க வேண்டும். பதவி மனைவிக்கு, பேரூராட்சி அலுவலகத்தில் நாற்காலி கணவருக்கு என்ற வழக்கம் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கம் இருக்கும் வார்டில் பெண் உறுப்பினருக்கென்று ஒரு கணக்கே சேர்வதில்லை. ஐந்து வருட உழைப்பு வேறொருவர் பேரில் எழுதப்பட்டுவிடுகிறது. மறுபடி நிற்பதற்கு முன், மிச்சமிருக்கும் கூட்டங்களிலாவது உங்கள் குரலில் உங்கள் தெருவின் பிரச்சினையைப் பதிவு செய்யுங்கள்.

கணக்குக் கொடுத்து மறுபடி வென்றவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். சென்னைக்கு அருகே குத்தம்பாக்கத்தில் ரசாயனப் பொறியாளர் இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரானார். சாக்கடை கட்ட எஸ்டிமேட்டில் சொன்ன கல்லை விட்டுவிட்டு, பக்கத்துத் தொழிற்கூடங்களில் கழித்துப்போட்ட கிரானைட் துண்டுகளைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது. ஆனால் விதி மீறல் என்று அவரை இடைநீக்கம் செய்தார்கள். அவர் கிராம சபையைக் கூட்டிக் கணக்கை மக்கள் முன் வைத்தார். மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது, 2001இல் அதே ஊர் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறையில் ஆர். சண்முகம் 1996லிருந்து இரண்டு முறை தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் ஊராட்சி தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் நிறுவியது. தெருவிளக்கு, மோட்டார் செலவு போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். காற்றாலையை முதல் ஐந்தாண்டில் யாரும் வாங்கிவிட முடியாது. மின்கட்டணம் எவ்வளவு போகிறது, எங்கே சிக்கனம், எவ்வளவு மிச்சம் என்று கற்க முதல் ஐந்து ஆண்டு. செய்ய இரண்டாவது ஐந்து ஆண்டு. ஒருவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுப்பதில் ஊருக்கு உள்ள நன்மை இதுதான்.

இந்த நன்மையை மெக்சிகோ நீண்ட காலம் தனக்குத் தானே மறுத்துக்கொண்டது. 1930களிலிருந்து அங்கே நகரத் தலைவர்களும் மன்ற உறுப்பினர்களும் அடுத்தடுத்து இரண்டு முறை நிற்கக் கூடாது என்பது சட்டம். சர்வாதிகாரி ஒருவர் திரும்பத் திரும்பப் பதவியில் அமர்ந்த பழைய காயத்தின் விளைவு அது. ஆனால் மறுபடி மக்கள் முன் வர வேண்டியதில்லை என்றால் கணக்குச் சொல்லவும் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த பதவிக்குக் கட்சித் தலைமையின் வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி 2018இலிருந்து மறுதேர்வை அனுமதித்தார்கள். இப்போது 2030லிருந்து மறுபடி தடை என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நம் ஊரில் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அதன் வழியே வருபவர் கையில் என்ன கொண்டுவருகிறார் என்பதே கேள்வி.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேசிவிடுவது நல்லது. 2022 தேர்தலில் பேரூராட்சி வார்டு வேட்பாளர் செலவிடலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 17,000 ரூபாய். டெபாசிட் 1,000, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 500. 2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தது. பதவிக்காலம் முடியும்வரை கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒட்டி வரும். ஒரு வார்டு மெம்பருக்கு நேர்மையான வழியில் இந்தப் பதவியால் வரும் பணம் அவ்வளவுதான். அதைவிடப் பல மடங்கு செலவழித்து ஜெயிக்க நினைப்பவர், அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்பது சாக்கடைச் சுவரின் கனத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் பழக்கத்துக்கு எதிராக மேடையில் பேசுவது எளிது. மறுபடி நிற்பவருக்கு அதைவிட வலிமையான வழி ஒன்று இருக்கிறது. அவர் பணத்தை அல்ல, கணக்கைக் கொடுத்து ஓட்டுக் கேட்கலாம். புதிதாக நிற்பவரால் அது முடியாது.

அந்தக் கணக்கில் என்ன இருக்க வேண்டும்? எத்தனை மன்றக் கூட்டம் நடந்தது, எத்தனைக்கு வந்தீர்கள். உங்கள் வார்டுக்காக நீங்கள் கொண்டுவந்த தீர்மானங்களின் எண், தேதி. நடந்த வேலை ஒவ்வொன்றுக்கும் நீளம், எஸ்டிமேட் தொகை, எந்த நிதி, ஒப்பந்ததாரர் யார், எம்.புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஏறிய அளவு எவ்வளவு. நடக்காத வேலைக்குக் காரணம்: நிதி இல்லையா, நிலத் தகராறா, மன்றத்தில் பெரும்பான்மை கிடைக்கவில்லையா, நீங்களே விட்டுவிட்டீர்களா. இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. உறுப்பினர் என்ற முறையில் செயல் அலுவலரிடம் கேட்டுப் பெறலாம். தயக்கம் காட்டினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. உங்கள் எதிரணி வேட்பாளர் அதே சட்டத்தில் அதே தாள்களை வாங்கிக்கொண்டு வருவதற்கு முன் நீங்களே வெளியிடுவது மேல்.

என்ன இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அது மாநில அரசின் திட்டம். வீட்டில் சிலிண்டர் வந்ததும், பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததும் வார்டு மெம்பரின் சாதனை ஆகா. விண்ணப்பம் நிரப்ப உதவியிருந்தால், எத்தனை பேருக்கு உதவினேன் என்று எழுதுங்கள், அது உண்மையான வேலை. கட்சித் தலைவர்களின் படம் நோட்டீசின் பாதியை அடைத்துக்கொண்டால் கணக்குக்கு இடம் இருக்காது.

எதிர்க்கட்சி உறுப்பினர்களும் கட்சி சாராதவர்களும் ஒரு நியாயமான மனக்குறை சொல்லக்கூடும்: எங்கள் வார்டுக்கு நிதியே ஒதுக்கவில்லை, என்ன கணக்குக் கொடுப்பது? தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் முறையில் இந்தச் சிக்கல் கூடுதல். 1996, 2001, 2011இல் மக்களே தலைவருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2006இலும் 2022இலும் மறைமுகத் தேர்தல். அதனால் 2022இல் வாக்காளருக்குக் கிடைத்தது ஒரே ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு மட்டும். அந்த ஒரே ஓட்டின் முழு பாரமும் உங்கள் மேல்தான் விழுந்திருக்கிறது. நிதி வராத வார்டு என்றால், எத்தனை முறை கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று தேதியோடு எழுதுங்கள். மறுக்கப்பட்ட வேலைகளின் பட்டியலும் கணக்குத்தான். சில சமயம் அதுவே நிறைந்த கணக்கு.

நோட்டீசைக் கொடுத்தால் மட்டும் போதாது, தெருவில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வர் மு.க. ஸ்டாலினே ஒரு பகுதி சபையில் போய் உட்கார்ந்தார். காரிமங்கலத்தில் ஒரு வார்டுக்கு ஒரு மாலை போதும். செவ்வாய்க்கிழமையை மட்டும் தவிருங்கள். அன்று சந்தை, ஆடுமாடு வாங்க விற்க ஊரே அங்கே இருக்கும். பெங்களூருவிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போயிருப்பவர்கள் ஊர் திரும்பும் பண்டிகை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் ஓட்டு இங்கேதான் இருக்கிறது, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். வர முடியாதவர்களுக்கு நோட்டீசைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஒரு வார்டில் இருப்பது சில நூறு குடும்பங்கள்தான். எல்லா வீட்டையும் எட்டுவது முடியாத காரியம் அல்ல.

இங்கே கணக்குக் கேட்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 தேர்தலில் சென்னையில் பதிவான ஓட்டு 43.59 சதவீதம். தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் 74.68. சின்ன ஊரின் வாக்காளர் தன் ஓட்டைப் பெரிதாக மதிக்கிறார். மெம்பரின் வீடு எங்கே, அவர் எப்போது வீட்டில் இருப்பார் என்றும் அவருக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. தேர்தல் முடிந்த 30 நாளுக்குள் ஜெயித்தவரும் தோற்றவரும் செலவுக் கணக்கை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாதவரை மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கலாம். கடந்த முறை உங்களோடு போட்டியிட்டுத் தோற்றவர்களுக்கும் அது பொருந்தும். இந்த முறை ஓட்டு எண்ணி முடித்த அன்று இரவே பில்களை ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள்.

உங்களில் சிலர் நிற்கப் போவதில்லை. உடம்பு முடியாமல் இருக்கலாம், கட்சி வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், ஒதுக்கீடு மாறியிருக்கலாம், போதும் என்று தோன்றியிருக்கலாம். அந்தக் கணக்கை நீங்களும் எழுதுங்கள். அதோடு தனியாக ஒரு தாளில், உங்கள் வார்டில் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்தத் தெருவிளக்குக் கம்பத்துக்கு எந்த சுவிட்ச், எந்தத் தெருவின் மனு எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் இருக்கிறது, எந்த இடத்தில் ஆக்கிரமிப்பு வழக்கு ஓடுகிறது, தெருவில் யாருக்கு முதியோர் உதவித்தொகை இன்னும் வரவில்லை என்று குறித்து, அடுத்து வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பதவியேற்கும் நாளில் அவர் கையில் கொடுங்கள்.